சோபாவை அளந்தீங்க, சரி. வழியை அளந்தீங்களா?

மொதல்லயே சொல்லிடறேன். சோபா வாங்குவது எப்படின்னு நான் இங்க சொல்லப் போறதில்ல. சோபா வாங்கற நம்ம ஆளுங்களைத் திட்டப் போறேன். திட்டு வாங்கற வரிசையில மொத ஆள் நானே. அதனால யாரும் கோவிச்சுக்காதீங்க :-)

மும்பைக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷமா எங்க ஹால்ல நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஜமக்காளம். எங்களுக்கு ஒரு குறையும் தெரியல. ஊர்லேர்ந்து மாமனார் மாமியார் வந்து பத்து நாள் இருந்துட்டுப் போனாங்க. கிளம்பற அன்னிக்கு மாமியார், "பேங்க்ல நல்ல வேலையிலதான இருக்கீங்க மாப்ள?"ன்னு கேட்டாங்க. கேள்வி என்கிட்ட, பார்வை நாற்காலி மேல. அவ்வளவுதான். அடுத்த மாசம் சோபா வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு.

நான் அளக்காம வாங்கற ஆள் இல்லைங்க. ஹால் சுவரை இஞ்ச் டேப் வச்சு அளந்தேன். எட்டரை அடி, அதாவது 102 இஞ்ச். சோபா 90 இஞ்ச். ரெண்டு பக்கமும் ஆறு ஆறு இஞ்ச் மிச்சம். தரையில பழைய பேப்பரை சோபா அளவுக்கு விரிச்சு, அதைச் சுத்தி நடந்துகூடப் பார்த்தேன். டிவிக்கு எவ்வளவு தூரம், பால்கனிக் கதவு இடிக்குமா, எல்லாம் பார்த்தாச்சு. தங்கமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "எல்லாம் சரி, இது எந்த வழியா உள்ள வரும்?"

"வாசல் வழியாத்தான்"னு நக்கலா சொல்லிட்டுப் போயிட்டேன்.

கடையில விற்பனைப் பையன்கிட்டயும் கேட்டேன், இல்லன்னு சொல்ல முடியாது. "சப் கே கர் மே ஜாதா ஹை, சாப்"னான். எல்லார் வீட்டுக்குள்ளயும் போகுதாம். 62,000 ரூபா பில். டெலிவரி இலவசம்னு பெரிசா போட்டிருந்தது. அதுக்குக் கீழ, பூதக்கண்ணாடி வச்சுப் படிக்கற எழுத்துல, தரைத்தளம் வரை மட்டும், வாசல் அளவுக்கு வாடிக்கையாளரே பொறுப்புன்னு இருந்தது. ஆபீஸ்ல நாள் முழுக்க அடுத்தவன் கையெழுத்து போட்ட பேப்பர்ல பொடி எழுத்தைத் தேடறதுதான் என் பொழப்பு. என் பில்லை நான் படிக்கல.

ஜூன் மாசத்து ஞாயித்துக்கிழமை. செம்பூர்ல எங்க பில்டிங் வாசல்ல டெம்போ வந்து நின்னுது. நாலு ஹமால். அதுல ஒருத்தருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், மத்தவங்க அவரை சாச்சான்னு கூப்பிட்டாங்க. ஆறாவது மாடி. லிஃப்ட் கிட்ட போனா வாட்ச்மேன் மறிச்சுட்டார். அங்க ஒரு போர்டு: சாமான் தூக்குபவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, இப்படிக்கு செகரட்டரி. சரி, படியில தூக்க எவ்வளவுன்னு கேட்டேன். 2,000 சொன்னாங்க. நான் 1,200க்குக் கொண்டு வந்தேன். உள்ளுக்குள்ள ஒரு வெற்றிச் சிரிப்பு வேற. ஆளுக்கு 300. மழை வேற கட்டிக்கிட்டு நின்னுது. "ஜல்தி, ஜல்தி"ன்னு விரட்டினேன்.

மூணாவது மாடித் திருப்பத்துல சோபாவை நிமித்தித் திருப்பணும். சாச்சா கீழ்ப் பக்கம். படியில எப்பவும் கீழ நிக்கறவர் மேலதான் பாரம் அதிகமா இறங்கும். மேல இருந்த பையன் ஒரு நொடி முந்தித் திருப்பிட்டான். சுவருக்கும் சோபாக் கட்டைக்கும் நடுவுல சாச்சாவோட விரல். அவர் கத்தக்கூட இல்ல. மெதுவா இறக்கி வச்சுட்டு, கைக்குட்டையை விரல்ல சுத்திக்கிட்டு, மறுபடியும் தூக்கினார். அந்த நேரத்துல எனக்கு வந்த மொத நினைப்பு என்ன தெரியுமா? சோபா துணியில ரத்தம் பட்டுடுச்சோன்னு. இதை எழுதவே கை கூசுது. ஆனா எழுதாம விட்டா இவ்வளவு நேரம் கதை சொன்னதுக்கு அர்த்தமே இல்ல.

ஆறாவது மாடி வந்தாச்சு. வாசல்ல நுழையல.

படுக்க வச்சுப் பார்த்தாங்க. நிமித்திப் பார்த்தாங்க. ஒரு கைப்பிடியை மட்டும் உள்ள விட்டு வளைச்சுப் பார்த்தாங்க. எதிர் வீட்டுக்காரர் லுங்கியோட வெளிய வந்து ஆலோசனை சொன்னார். மேல் மாடிக்காரர் இறங்கி வந்து அதுக்கு நேர் எதிரான ஆலோசனை சொன்னார். பால்கனி வழியா கயிறு கட்டி இழுக்கலாம்னு ஒருத்தர். பால்கனிக்கு இரும்பு கிரில் போட்டு எட்டு வருஷம் ஆச்சு. நான் நடுவுல நின்னு "திருப்புங்க, திருப்புங்க"ன்னு கத்தினது மட்டும்தான் என் பங்கு.

தங்கமணி டீயும், விரலுக்கு டெட்டாலும் கொண்டு வந்து குடுத்தாங்க. டீயைக் குடிச்சுட்டு சாச்சா சோபாவைக் கவுத்துப் போட்டு, அடியில கையை விட்டுத் தடவினார். வாசல் நிலையைச் சாண் போட்டு அளந்தார். சோபாவைச் சாண் போட்டு அளந்தார். "கால் கழலும் சாப்"னார். நாலு காலும் திருகு போட்டது. மூணு இஞ்ச் கால். பத்து நிமிஷத்துல கழட்டி, சோபா உள்ள போயிடுச்சு.

"கீழயே பார்த்திருக்கலாமே?"ன்னு கேட்டேன். "நீங்க ஜல்தின்னு சொன்னீங்க"ன்னார். குத்திக் காட்டல. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

*

அன்னிக்கு ராத்திரி டேப் எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் செஞ்சிருக்க வேண்டியதை.

எங்க வாசல் மூணரை அடி வாசல்னு சொல்லுவாங்க. அது நிலையோட வெளி அளவு. நிலைக் கட்டை ரெண்டு பக்கமும் போக உள்ள 36 இஞ்ச். கதவைத் திறந்து வச்சா கதவோட கனம் கொஞ்சம் சாப்பிடும். அதுக்கு முன்னால ஒரு சேஃப்டி டோர். அது செருப்பு ஸ்டாண்டுல இடிச்சு முழுசா திறக்காது. கடைசியில நிஜமா மிஞ்சற வழி 32 இஞ்ச். மூணரை அடின்னு நான் நம்பிட்டிருந்த வாசல் ரெண்டே முக்கால் அடி கூட இல்ல!

சோபாவுக்கு வருவோம். ஆழம் 38, உயரம் 35. ரெண்டுமே 32ஐ விட அதிகம். அப்புறம் எப்படி உள்ள போச்சு? இங்கதான் கடைக்காரன் சொல்லாத ஒரு அளவு இருக்கு. சோபாவைப் பக்கவாட்டுல இருந்து பாருங்க. முதுகோட உச்சியிலிருந்து கைப்பிடியோட முன் முனை வரைக்கும் ஒரு நேர்க் குச்சியைச் சாய்ச்சு வையுங்க. பின்னால கீழ் மூலையிலிருந்து அந்தக் குச்சிக்கு நேர்குத்தா என்ன தூரமோ, அதுதான் வாசலுக்குத் தேவையான அளவு. சாய்வு ஆழம்னு வச்சுக்கலாம். எங்க சோபாவுக்கு அது கிட்டத்தட்ட 34. காலைக் கழட்டினா 31. வாசல் 32. ஒரு இஞ்ச் மிச்சம். சாச்சா சாணால கண்டுபிடிச்சது இந்த ஒரு இஞ்சைத்தான்.

லிஃப்டையும் அளந்தேன். 6 பேர், 408 கிலோன்னு தகடு இருக்கு. கதவு அகலம் 27 இஞ்ச் சொச்சம். அதாவது செகரட்டரி தடுக்கலேன்னாலும் இந்த சோபா அதுல போயிருக்காது. கடைக்குப் போறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் செலவழிச்சிருந்தா, ரெண்டு துண்டா கழலற சோபாவா பார்த்து வாங்கியிருப்பேன்.

இந்த சோபா விவகாரம் கணித மேதைகளையே ஆட்டி வச்ச விஷயம் தெரியுமோ? ஒரே அகலமுள்ள ரெண்டு நடைபாதை, 'ட' மாதிரி செங்குத்தா திரும்புது. அந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போகக்கூடிய ஆகப் பெரிய சோபா எது? 1966ல லியோ மோசர்ங்கற கணிதவியலாளர் முறையா கேட்ட கேள்வி இது. 1992ல ஜோசஃப் ஜெர்வர் ஒரு வடிவம் சொன்னார். நடைபாதை அகலம் 1ன்னா அந்த சோபாவோட பரப்பு சுமார் 2.2195. இதுக்கு மேல பெரிசு முடியவே முடியாதுன்னு கொரியாவைச் சேர்ந்த ஜினியோன் பேக் நிரூபணம் வெளியிட்டது 2024 நவம்பர்ல. மேதைகளுக்கு 58 வருஷம். நான் பி.காம்., எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு டேப்பும், சோபாவைக் கவுத்துப் பார்க்கற புத்தியும். அது ரெண்டும் எனக்கு ஏன் வரல?

ஏன்னா, வழியை அளக்காததோட செலவு என் கணக்குல ஏறாது. அது தூக்கறவன் முதுகுல ஏறும். என் கைக்காசு போற விஷயத்துல நான் எவ்வளவு ஜாக்கிரதைன்னு என் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. சூப்பர் பில்டப்னு சொல்லி படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கறானேன்னு பில்டர்கிட்ட சண்டை போட்டவங்க நாம. 2016ல ரியல் எஸ்டேட் சட்டம் வந்து கார்ப்பெட் ஏரியான்னா இதுதான்னு வரையறுத்தப்ப கை தட்டினவங்க நாம. அந்தப் படிக்கட்டை ஒரு நாளாவது டேப் வச்சு அளந்திருக்கோமா? இல்ல. நாம அதுல சுமையோட ஏறப் போறதில்லையே.

*

"அட, அவங்க வேலையே அதுதான. காசு வாங்கறாங்கல்ல?"ன்னு நீங்க கேட்பீங்க. எனக்கும் அன்னிக்கு அதே நினைப்புதான். யோசிச்சுப் பாருங்க. ஆறு மாடி சோபா தூக்கறது அவங்க வேலை. அதுக்குக் கூலி. நுழையாத சாமானை வாசல்ல வச்சு முக்கால் மணி நேரம் நாலு விதமா புரட்டறது அவங்க வேலை இல்ல. அது என் தப்பு. என் தப்பையும் சேர்த்து 1,200 ரூபாய்க்குள்ள அடைச்சேன் பாருங்க, அதைத்தான் தப்புங்கறேன்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "கேரளாவுல நோக்குகூலின்னு என்ன ஆட்டம் போட்டாங்க தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க. தெரியும். வேடிக்கை பார்த்ததுக்குக் கூலி கேட்டது அநியாயம்தான். அங்க அரசாங்கமே 2018 மே 1 முதல் அதுக்குத் தடை போட்டாச்சு. ஆனா நம்ம படிக்கட்டுல நடந்தது நேர் எதிர்க் கதை. இங்க வேடிக்கை பார்த்தவன் நான். தூக்கினவர் அவர். பேரம் பேசிக் குறைச்சவனும் நான்தான்.

நாம வந்து குடியிருக்கற இந்த மகாராஷ்டிரத்துல 1969லயே மாத்தாடித் தொழிலாளர் சட்டம் வந்துடுச்சு. மாத்தா-ன்னா தலை. தலைச்சுமைக்காரங்களுக்கான சட்டம். பதிவு செஞ்ச தொழிலாளிக்கு வாரியம் வழியா கூலி, பி.எஃப்., கிராஜுவிட்டி, வைத்தியம். நம்ம தமிழ்நாட்டுலயும் 1982ல உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் இருக்கு. உங்க வாசல்ல டெம்போவுலேர்ந்து இறங்கற பையன்கிட்ட அந்தப் பதிவு அட்டை இருக்கான்னு அடுத்த தடவை கேட்டுப் பாருங்க. விரல் நசுங்கினா யார் பார்த்துப்பாங்கன்னும் கேளுங்க.

அப்புறம் அந்த போர்டு. லிஃப்ட் பழசு, பாரம் ஏத்தினா கெட்டுடும்ங்கறது நியாயம். அப்போ போர்டுல என்ன எழுதணும்? இத்தனை கிலோவுக்கு மேல ஏத்தாதீங்கன்னு எழுதணும். சாமான் தூக்கறவங்க ஏறக் கூடாதுன்னு எழுதினா, அது பாரத்தைப் பத்தின விதி இல்ல, ஆளைப் பத்தின விதி. அன்னிக்கு சோபாவை வச்சுட்டு வெறுங்கையோட கீழ போனப்பவும் அந்த நாலு பேரும் படியிலதான் இறங்கினாங்க. வெறுங்கையோட இறங்கற நாலு பேர் லிஃப்டுக்கு என்ன பாரம்? தூக்கிக்கிட்டு ஏற வேண்டிய குஷன், டீப்பாய் கண்ணாடி எல்லாம் சுலபமா லிஃப்ட்ல வந்திருக்கும். அதுக்கு ஒரு நடை, இதுக்கு ஒரு நடை. ஊர்ல தீண்டாமை பத்தி மணிக்கணக்கா பேசுவோம். இங்க ஜெனரல் பாடி மீட்டிங்ல இந்த போர்டைப் பத்தி ஒரு தமிழன் கை தூக்கிக் கேட்டதை நான் பார்த்ததில்ல. நானும் கேட்கல. இந்த வருஷ மீட்டிங்ல கேட்கப் போறேன். எழுதிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

கடைக்காரங்களுக்கு வருவோம். பேங்க்காரன் மேல எல்லாருக்கும் கோபம் உண்டு. இருக்கட்டும். ஆனா தனிநபர் கடன், சிறுதொழில் கடன் எல்லாத்துக்கும் வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மொத்தத்துல வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு முக்கிய விவரத் தாள் ஒண்ணு குடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி சொல்லி, 2024 அக்டோபர் 1லேர்ந்து அது கட்டாயம். ஐம்பதாயிரம் கடனுக்கும் உண்டு. 62,000 ரூபா சோபாவுக்கு ஒரு தாள் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்? நீளம், ஆழம், உயரம், சாய்வு ஆழம், கால் கழலுமா, கழட்டினா உயரம், எடை. ஏழே வரி. கடைக்காரனுக்கு இதெல்லாம் தெரியாதுன்னா நினைக்கறீங்க? தினம் தினம் வாசல்ல மாட்டிக்கிட்டுத் திரும்பி வர்ற சோபாவை அவன் பார்க்காததா? சொன்னா பெரிய சோபா விலை போகாது. அதான் சொல்ல மாட்டான். "சப் கே கர் மே ஜாதா ஹை." எழுதிக் குடுன்னு கேளுங்க, குரல் மாறும்.

*

நம்ம பாட்டன் வீட்டுல சாமான் எப்படி இருந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. பாயைச் சுருட்டலாம். கயித்துக் கட்டிலை ஒருத்தர் தோள்ல போட்டுக்கிட்டுப் போகலாம். தேக்குக் கட்டிலா, தலைமாடு கால்மாடு சட்டம்னு தனித்தனியா கழலும். ஊஞ்சல் பலகை சங்கிலியிலிருந்து இறங்கும். எந்த வாசலுக்குள்ளயும் போற மாதிரிதான் ஆசாரி செஞ்சார். அந்த வாசல் குனிஞ்சு போற வாசல் வேற. பதினொரு மாச அக்ரிமெண்ட்ல வீடு மாறிட்டே இருக்கற நமக்குத்தான் அந்த மாதிரி சாமான் இன்னும் அதிகமா தேவை. நாம என்னடான்னா, ஒரே துண்டா ஏழரை அடி நீளத்துக்கு வாங்கறோம். என் சகா ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல. தச்சரை வீட்டுக்கே கூப்பிட்டு ஹால்லயே உட்கார்ந்து சோபா செய்ய வச்சார். ரொம்ப அழகா இருந்தது. மாற்றல் வந்தப்ப வெளிய எடுக்க முடியல. ரம்பம் போட்டு ரெண்டா அறுத்தாங்க. தச்சர் கூலியை விட அறுத்த கூலி மலிவுன்னு அவரே சொல்லிச் சிரிச்சார்.

சரி, திட்டினது போதும். அடுத்து வாங்கப் போறவங்க இதையாவது செய்யுங்க:

1. சுவரை அளக்கறதுக்கு முன்னால வழியை அளங்க. கேட்டிலிருந்து ஆரம்பிங்க. லிஃப்ட் கதவு அகலம், உயரம், படிக்கட்டு அகலம், ஒவ்வொரு திருப்பமும், வாசல், ஹாலுக்குள்ள திரும்பற இடம். இதுல எது ஆகச் சின்னதோ அதுதான் உங்க வழியோட அளவு.

2. வாசலை நிலைக்கு நிலை அளக்காதீங்க. கதவைத் திறந்து வச்சு, மிச்சம் இருக்கற இடைவெளியை அளங்க. கைப்பிடி, தாழ்ப்பாள் துருத்தறதையும் கழிச்சுக்குங்க. பத்தலேன்னா கதவைக் கீல்லேர்ந்து கழட்டலாம். எங்க வீட்டுல ரெண்டு கதவையும் கழட்டினா 36 இஞ்ச் கிடைக்கும்.

3. கடையில சோபாவைக் கவுத்துக் காட்டச் சொல்லுங்க. கால் திருகா, ஆணியா? கைப்பிடி கழலுமா? சாய்வு ஆழத்தை நீங்களே அளங்க. சோபாவை நிமித்தி வச்சா நீளம்தான் உயரமாயிடும், அதையும் லிஃப்ட் கதவோட ஒப்பிட்டுக்குங்க.

4. பில்லுல டெலிவரி எதுவரைக்கும்னு படிங்க. நுழையலேன்னா திரும்ப எடுத்துக்குவாங்களான்னு எழுதி வாங்குங்க.

5. கூலியைச் சாமான் பார்த்து, மாடி பார்த்து, முன்னாடியே பேசுங்க. உங்க தப்பால நேரம் கூடினா, அதுக்குத் தனியா குடுங்க.

6. தூக்க வர்றவர்கிட்ட, தூக்கறதுக்கு முன்னால, "எப்படிக் கொண்டு போகலாம்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. அவர் உங்களை மாதிரி ஆயிரம் வாசலைப் பார்த்தவர்.

நான் கடைசியா என்ன குடுத்தேன்னு கேட்கறீங்களா? பேசின 1,200, டீ, மேல ஒரு 200. அந்த 200 குடுத்தப்ப ரொம்ப தாராளமா நடந்துக்கிட்டதா ஒரு நினைப்பு. ராத்திரி டேப்போட உட்கார்ந்தப்பதான் கணக்கு புரிஞ்சுது. அவங்க மொதல்ல கேட்ட 2,000 நியாயமான தொகை. 600 ரூபா நான் பாக்கி. அடுத்த ஞாயிறு கடை வாசல்ல போய் சாச்சாவைத் தேடினேன். அவர் அந்த வாரம் வரலையாம், விரல் வீங்கியிருக்காம். மத்த மூணு பேர்ல ஒருத்தன் கையில 600ஐயும், விரல் வைத்தியத்துக்குன்னு சாச்சா பேர் சொல்லித் தனியா கொஞ்சமும் குடுத்து அனுப்பினேன். அவருக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது.

சோபா நல்லாத்தான் இருக்கு. நாங்க எல்லாரும் அதுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு கீழ ஜமக்காளத்துல உட்கார்ந்து டிவி பார்க்கறோம். மேல காய்ஞ்ச துணி கிடக்கு :-)

உங்க சொசைட்டியிலயும் அந்த மாதிரி போர்டு இருக்கா? யாராவது பேசி எடுக்க வச்சிருக்கீங்களா? எப்படிப் பேசினீங்கன்னு சொல்லுங்க. மீட்டிங்குக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சா உபயோகமா இருக்கும்.

பி.கு.: அடுத்த மாசம் மாமியார் வர்றாங்க. சோபா எப்படி உள்ள வந்ததுன்னு கேட்டா, வாசல் வழியாத்தான்னு சொல்லப் போறதில்ல. முழுக் கதையையும் சொல்லப் போறேன்.